ஆக்சிஜன் கோடு முரண்டு பிடித்தால்: பூஞ்சை ஸ்போர்களின் சுவாச அளவீட்டில் பிழை நீக்கும் வழிமுறை

பூஞ்சை ஸ்போர்களின் சுவாசத்தை அளக்க உட்காரும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் இருப்பது கிளார்க் வகை ஆக்சிஜன் எலக்ட்ரோடு (கரைந்த ஆக்சிஜனை மின்னோட்டமாக அளப்பது), 2 மி.லி. சேம்பர், 30 டிகிரி செல்சியஸில் ஓடும் வாட்டர் பாத் என்று வைத்துக்கொள்வோம். ஸ்போர் என்றால் அஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் கொனிடியா (பாலினச் சேர்க்கை இல்லாமல் உண்டாகும் ஸ்போர்), அல்லது நியூரோஸ்போராவின் ஆஸ்கோஸ்போர் (பாலினச் சேர்க்கையால் உண்டாவது). வேறு பூஞ்சையாக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

மைசீலியத்தை, அதாவது வளர்ந்த பூஞ்சை இழைகளை, அளப்பது சுலபம். போட்டவுடன் திரையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கும். ஸ்போர் அப்படியில்லை. குறைவாக மூச்சு விட்டு நெடுநாள் தாக்குப்பிடிப்பதற்கென்றே உருவானது அது. ஆகவே எலக்ட்ரோடில் சவ்வு கிழிந்திருந்தாலும், சஸ்பென்ஷனில் ஸ்போர் போதாமல் இருந்தாலும், ஸ்போர் நிஜமாகவே உறக்கநிலையில் இருந்தாலும் திரையில் தெரிவது ஒன்றேதான்: படுத்த கோடு. எந்தக் கோளாறானாலும் கருவி, சஸ்பென்ஷன், ஸ்போர் என்ற வரிசையில் தேடுங்கள். பலர் தலைகீழாகத் தேடுகிறார்கள். ஆய்வேட்டில் ‘உறக்கநிலை’ என்று எழுதப்பட்ட சில வரைபடங்களுக்குப் பின்னால் மாற்றாத சவ்வுதான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

எந்த நாளும் மூன்று ரீடிங் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒன்று, வெறும் பஃபர். இரண்டு, கொதிநீரில் வைத்துக் கொன்ற அதே ஸ்போர். மூன்று, பேக்கரிக்காரர்கள் வாங்கும் ஈஸ்ட், கொஞ்சம் குளுக்கோஸோடு. ஈஸ்ட்டின் பயன் போகப் போகத் தெரியும். சயனைடு விஷயத்தில் நம்மைக் காப்பாற்றப்போவது அதுதான்.

அறிகுறி: ஸ்போரைப் போட்டும் கோடு இறங்கவே இல்லை

முதலில் ஈஸ்ட்டைப் போட்டுப் பாருங்கள். ஈஸ்ட்டுக்கும் இறங்கவில்லை என்றால் ஸ்போரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கருவியில் கோளாறு. எலக்ட்ரோடுக்குப் போகும் மின்னழுத்தம் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை இருக்கிறதா? டெஃப்லான் சவ்வுக்குக் கீழே காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறதா? பொட்டாசியம் குளோரைடு கரைசல் காய்ந்து உப்புப் பூத்திருக்கிறதா? வெள்ளி வளையம் கறுத்திருக்கிறதா? இவை சரியென்றால் துளி சோடியம் டைதயோனைட் போடுங்கள். ஆக்சிஜன் மொத்தமும் போய், கோடு சில விநாடிகளில் தரையைத் தொட வேண்டும். மெல்ல மெல்லத் தவழ்ந்து இறங்கினால் சவ்வை மாற்றிவிடுங்கள். துடைத்துப் பார்க்கிறேன், இழுத்துக் கட்டிப் பார்க்கிறேன் என்று அரை நாளை வீணாக்க வேண்டாம்.

ஈஸ்ட்டுக்குக் கோடு ஒழுங்காக இறங்குகிறது, ஸ்போருக்கு மட்டும் இல்லை என்றால் அடுத்த கேள்வி எண்ணிக்கை. ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரியில், கடல்மட்டத்தில், காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ 237 நானோமோல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 2 மி.லி. சேம்பரில் 474. வெறும் பஃபரிலேயே உங்கள் கோடு நிமிடத்துக்கு ஒரு மி.லி.க்கு 1 நானோமோல் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மி.லி.க்கு 10⁷ ஸ்போர் போட்டு, அவை 0.5 நானோமோல் எடுத்தால் அது பிளாங்க்கின், அதாவது வெறும் பஃபர் ரீடிங்கின், ஆட்டத்திலேயே கரைந்துபோகும். அதையே 10⁸ ஆக்கினால் 5 நானோமோல். இப்போது கண்ணுக்குத் தெரியும். பிளாங்க்கைப் போல ஐந்து மடங்காவது சரிவு இல்லாத ரீடிங்கை நான் நோட்டில் ஏற்றுவதில்லை.

எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது என்கிறீர்களா? சேம்பரின் விளிம்பைப் பாருங்கள். அஸ்பெர்ஜில்லஸ் கொனிடியாவின் மேல் ஹைட்ரோபோபின் என்ற புரதம் போர்வை போர்த்தியிருக்கிறது. தண்ணீரை அது ஒட்டவிடாது. பாதி ஸ்போர் மேலே மிதக்கும், மீதி கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். 0.01 முதல் 0.05 சதவீத ட்வீன் 80 கரைசலில் அறுவடை செய்து, நன்றாகச் சுழற்றிக் கலக்கி, பிறகு பஃபரால் கழுவுங்கள். கழுவாமல் விட்டால் ட்வீனில் உள்ள ஒலியிக் அமிலத்தையே சில பூஞ்சைகள் தின்னத் தொடங்கும். அப்புறம் அது வேறு கதை. நைஜர் கொனிடியாவைத் தட்டிலிருந்து எடுக்கும்போது முகக்கவசத்தோடு கேபினெட்டுக்குள் வேலை செய்யுங்கள். கறுப்புத் தூள் மூக்கில் ஏறினால் விளையாட்டில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் கோடு படுத்தே கிடந்தால், இப்போது ஸ்போரைச் சந்தேகிக்கலாம். கொனிடியாவையும் ஆஸ்கோஸ்போரையும் இங்கே ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நியூரோஸ்போராவின் கொனிடியாவுக்குத் தண்ணீரும் உணவும் கிடைத்தால் போதும், மூச்சு ஏறிவிடும். அதே பூஞ்சையின் ஆஸ்கோஸ்போர் எத்தனை சர்க்கரை கொடுத்தாலும் அசையாது. அதைச் சூட்டால் எழுப்ப வேண்டும்: 60 டிகிரியில் சுமார் அரை மணி நேரம். தீயில் கருகிய செடிகொடிகளின் மேல் முதலில் வந்து படரும் பூஞ்சை அது என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. சூட்டுக்குப் பதில் ஃபர்ஃபியூராலும் வேலை செய்யும் என்று எமர்சன் 1948ல் காட்டினார். பென்டோஸ் சர்க்கரை உள்ள ஊடகத்தை ஆட்டோகிளேவில் வைத்தாலே கொஞ்சம் ஃபர்ஃபியூரால் உண்டாகிவிடும். ‘சூடு காட்டாமலே முளைத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் அவருடைய ஊடகத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

கறுத்து முதிர்ந்த ஆஸ்கோஸ்போர்தான் 60 டிகிரியைத் தாங்கும். வெளிறிய இளசுகளைச் சூடாக்கினால் செத்துப்போகும். சூட்டுக்கு முன்னால் நுண்ணோக்கியில் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: சூடு காட்டியபோது மூச்சு ஏறியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி படுத்துவிட்டது

இது கருவிக் கோளாறு மாதிரியே தெரியும், ஆனால் பெரும்பாலும் இல்லை. டேவிட் காடர்ட் 1935லேயே இதை எழுதிவைத்துவிட்டார். சூட்டால் எழுந்த நியூரோஸ்போரா டெட்ராஸ்பெர்மா ஆஸ்கோஸ்போருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செய்தால் அது திரும்ப உறங்கப் போய்விடும். இன்னொரு முறை சூடு காட்டினால் மறுபடி எழும். எழுதலும் உறங்குதலும் இரு பக்கமும் போகக்கூடியவை.

இப்போது உங்கள் நடைமுறையைப் பாருங்கள். வாட்டர் பாத்தில் சூடு காட்டிய குழாயை மூடியோடு அப்படியே மேசையில் வைத்தீர்களா? 10⁸ ஸ்போர், மூச்சு பல மடங்கு ஏறிய நிலையில், மூடிய குழாயில் அடியில் படிந்து கிடக்கின்றன. அடியில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும், ஸ்போர் உறங்கிவிடும். சூடு முடிந்ததும் அகன்ற ஃபிளாஸ்க்கில் மெல்லிய படலமாக ஊற்றி ஷேக்கரில் வையுங்கள். சேம்பருக்குள்ளும் இதே சிக்கல் வரும். கோடு தரையைத் தொடும்வரை ஓடவிட்டு, பிறகு காற்றூட்டி அதே ஸ்போரில் இரண்டாவது ரீடிங் எடுக்கப் பார்த்தால் அது வேறொரு ஸ்போரை அளப்பதற்குச் சமம். ஒவ்வொரு ரீடிங்குக்கும் புதிய சஸ்பென்ஷன் போடுங்கள்.

அறிகுறி: ஸ்போரே போடவில்லை, கோடு இறங்குகிறது

கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கிளார்க் எலக்ட்ரோடு ஆக்சிஜனைத் தின்றுதான் மின்னோட்டம் தருகிறது. அதன் பங்கை ஒவ்வொரு நாளும் அளந்து கழித்துவிடுங்கள். அதற்கு மேல் இறங்கினால் மூன்று இடம் பாருங்கள். பஃபர் இன்னும் 30 டிகிரியை எட்டவில்லையோ என்று முதலில் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பஃபர் சூடேறச் சூடேற எலக்ட்ரோடின் ரீடிங் தானாகவே நகரும். முந்தைய ஓட்டத்தில் போட்ட டைதயோனைட் மூடியின் துளையில் ஒட்டியிருக்கலாம். பல முறை கழுவுங்கள். மூன்றாவது பாக்டீரியா.

பாக்டீரியாவை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறங்கும் ஸ்போரோடு ஒப்பிட்டால் அதன் மூச்சு வேகம் மிக மிக அதிகம். நுண்ணோக்கியில் கவனிக்காமல் விடக்கூடிய அளவு பாக்டீரியா மொத்த சரிவையும் தனதாக்கிவிடும். பழைய பஃபரைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரித்து ஆட்டோகிளேவ் செய்யுங்கள். ஸ்போர் சஸ்பென்ஷனைச் சத்துள்ள அகாரில் தேய்த்து மறுநாள் பாருங்கள்.

இந்த இடத்தில் ஆன்டிபயாட்டிக் போட்டுவிடலாம் என்று தோன்றும். குளோரம்ஃபெனிகால் மட்டும் வேண்டாம். அது பாக்டீரியாவின் ரைபோசோமை மட்டுமா தடுக்கிறது? மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் தடுக்கும். அதில் வளர்ந்த நியூரோஸ்போராவில் ஆக்சிஜனை எடுக்கும் வழக்கமான நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் குறைந்து, சயனைடுக்கு அசையாத மாற்று ஆக்சிடேஸ் எழும்பிவிடும். பாக்டீரியாவை விரட்டப்போய் நீங்கள் அளக்க வந்த சுவாசப் பாதையையே மாற்றிவிடுவீர்கள். ஆம்பிசிலின் பாக்டீரியாவின் செல் சுவரைத்தான் தாக்குகிறது. பூஞ்சைக்கு அதனால் தொல்லையில்லை.

அறிகுறி: நேற்று ஒரு எண், இன்று ஒரு எண்

நம் ஊர் ஆய்வகங்களில் இதற்கு முதல் காரணம் வாட்டர் பாத். குளிரூட்டி இல்லாத பாத்தில் 25 டிகிரி என்று வைத்தால், சித்திரை மாதத்தில் அறையே 34 டிகிரியாக இருக்கும்போது தண்ணீர் எப்படி 25க்கு வரும்? திரையில் 25 என்று மின்னுவதை நம்பாமல் சேம்பருக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 25 டிகிரியில் ஒரு மி.லி. தண்ணீரில் சுமார் 258 நானோமோல் ஆக்சிஜன், 30ல் 237, 37ல் 210ஐ ஒட்டி. தவறான வெப்பநிலைக்குரிய எண்ணைப் போட்டால் கணக்கு அங்கேயே பிசகும். ஸ்போரின் மூச்சும் வெப்பத்தோடு ஏறுவதால் பிழை இரண்டு பக்கமும் சேரும். 25ஐ விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் தாக்குப்பிடிக்கக்கூடிய 35 அல்லது 37ஐத் தேர்ந்தெடுப்பது நைஜருக்குப் பரவாயில்லை, அதைத் தாங்கும் பூஞ்சை அது. தாங்காத பூஞ்சை என்றால் சில்லர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

மலையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் ஏறத்தாழ அவ்வளவே. புத்தக எண்ணை அப்படியே போட்டால் உங்கள் ஸ்போர் சென்னை ஸ்போரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மூச்சு விடுவது போலத் தெரியும்.

ஸ்டிரர் வேகம் மாறினாலும் ரீடிங் மாறும். எண்ணும்போது ஹீமோசைட்டோமீட்டரில் கட்டிகளை ஒன்றாக எண்ணினால் எண்ணிக்கை குறையும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் கவனிக்காதது ஹைஃபா, அதாவது பூஞ்சை இழை, துண்டு. தட்டைச் சுரண்டி எடுத்த சஸ்பென்ஷனில் உடைந்த ஹைஃபா கலந்திருக்கும். உறங்கும் கொனிடியாவைவிட அது பல மடங்கு மூச்சு விடும். கண்ணாடிப் பஞ்சு வழியாக வடிகட்டி, நுண்ணோக்கியில் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தட்டின் வயதையும் நோட்டில் எழுதுங்கள். ஐந்து நாள் தட்டிலிருந்து எடுத்ததும் மூன்று வாரத் தட்டிலிருந்து எடுத்ததும் ஒரே ஸ்போர் அல்ல.

எண்ணை எதன் மேல் வகுக்கிறீர்கள் என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். முளைக்கும் முன் கொனிடியா தண்ணீர் குடித்து உப்பும். ஈர எடைக்கு வகுத்தால் மூச்சு குறைந்ததுபோலவும், ஸ்போர் எண்ணிக்கைக்கு வகுத்தால் ஏறியதுபோலவும் ஒரே சோதனை இரண்டு கதை சொல்லும். பழைய வார்பர்க் கருவி (வாயு அழுத்த மாற்றத்தை வைத்து மூச்சை அளப்பது) கால எண்கள் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் உலர் எடைக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை மைக்ரோலிட்டர் ஆக்சிஜன் என்ற கணக்கில் இருக்கும். உங்கள் நானோமோலை அதோடு ஒப்பிடும் முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சயனைடு போட்டும் மூச்சு நிற்கவில்லை

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. கேட்டவுடன் எல்லோரும் ‘மாற்று ஆக்சிடேஸ்’ என்பார்கள். இருக்கலாம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: சேம்பருக்குள் சயனைடு இருக்கிறதா?

பொட்டாசியம் சயனைடை நடுநிலை பஃபரில் கரைத்து வைத்தால் அது ஹைட்ரஜன் சயனைடாக மாறிக் காற்றில் போய்விடும். அதன் பிகேஏ (பாதி அயனியாகப் பிரிந்திருக்கும் பிஎச்) 9.2. அதாவது பிஎச் 7ல் 99 சதவீதத்துக்கு மேல் பறக்கத் தயாராக இருக்கும் வடிவம். போன வாரம் கலக்கி வைத்த குப்பியில் இன்று வெறும் உப்புத் தண்ணீர்தான் இருக்கும். போனது எங்கே என்றால் உங்கள் அறைக் காற்றில். ஆகவே ஸ்டாக்கை நீர்த்த காரக் கரைசலில், அன்றன்றைக்கு, ஃபியூம் ஹூட்டுக்குள் தயாரியுங்கள். தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். கழிவை அமிலக் கழிவோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேம்பரையும் மூடியோடு வைத்து, ஊசித்துளை வழியாக மைக்ரோ சிரிஞ்சில் செலுத்துங்கள். இன்னொரு நுணுக்கம்: உங்கள் ஊடகத்தில் பைருவேட் இருந்தால் அது சயனைடோடு சேர்ந்து சயனோஹைட்ரின் ஆகிவிடும். தடை தளர்ந்து மூச்சு மெல்லத் திரும்பும்.

இங்கேதான் ஈஸ்ட் கைகொடுக்கிறது. பேக்கரி ஈஸ்ட்டுக்கு மாற்று ஆக்சிடேஸ் கிடையாது. நல்ல சயனைடு பட்டால் அதன் மூச்சு பட்டென்று நிற்க வேண்டும். நின்றால் உங்கள் சயனைடு நல்லது. நிற்காவிட்டால் ஸ்போரைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை.

ஈஸ்ட்டுக்கு நின்று ஸ்போருக்கு நிற்கவில்லை. இப்போது சாலிசைல்ஹைட்ராக்சாமிக் அமிலத்தை எடுங்கள். ஆய்வகத்தில் எல்லோரும் ‘ஷாம்’ என்பது அதைத்தான். ஒன்றிரண்டு மில்லிமோலார் போதும். மாற்று ஆக்சிடேஸ் என்பது எலக்ட்ரானைக் குவினோன் மட்டத்திலேயே இறக்கிவிடும் குறுக்குவழி. சுவாசச் சங்கிலியின் மூன்றாம், நான்காம் காம்ப்ளெக்ஸ்களைத் தொடாமலே எலக்ட்ரான் ஆக்சிஜனைச் சேர்ந்துவிடும். ஆகவே நான்காவதைத் தடுக்கும் சயனைடும், மூன்றாவதைத் தடுக்கும் ஆன்டிமைசினும் அதை ஒன்றும் செய்யாது, ஷாம் செய்யும். சோதனையை இரண்டு வரிசையிலும் ஓட்டுங்கள்: சயனைடு முதலில், பிறகு ஷாம், இன்னொரு ஓட்டத்தில் ஷாம் முதலில், பிறகு சயனைடு. இரண்டும் சேர்ந்த பின்னும் மிஞ்சும் சரிவு மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே வேறு ஆக்சிடேஸ்கள் தின்பது. அதைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

ஷாமை எதில் கரைத்தீர்கள்? எத்தனாலில் என்றால் ஒரு பொறி இருக்கிறது. எத்தனால் பல பூஞ்சைகளுக்கு உணவு. தடுப்பானை ஊற்றியதும் மூச்சு ஏறியது என்றால் கரைப்பானைத் தின்கிறது என்று பொருள். டிஎம்எஸ்ஓவுக்கு மாறுங்கள், வெறும் டிஎம்எஸ்ஓ கன்ட்ரோலும் வையுங்கள். ஷாமின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் கூடாது. பெராக்சிடேஸ், டைரோசினேஸ் போன்றவற்றையும் அது தடுக்கும். சந்தேகம் இருந்தால் புரோப்பைல் கேலேட்டால் சரிபாருங்கள்.

உறங்கும் ஆஸ்கோஸ்போரில் எதைப் போட்டாலும் எதுவும் நடக்கவில்லை என்றால் மருந்து உள்ளே போகவே இல்லை என்பதும் ஒரு விடை. தடித்த கறுப்புச் சுவர் அது. கெட்டுப்போன எலக்ட்ரான் பாதையைவிட மூடிய கதவுதான் பெரும்பாலும் காரணம். எழுப்பிய பின் அதே மருந்தை அதே அளவில் போட்டுப் பாருங்கள்.

முதலாம் காம்ப்ளெக்ஸைத் தடுக்கும் ரோட்டினோனைப் போட்டவர்களுக்கும் ஒரு வரி: பல பூஞ்சைகளில் ரோட்டினோனுக்கு அசையாத வேறு என்ஏடிஎச் டிஹைட்ரோஜினேஸ்கள் உண்டு. மூச்சு நிற்காததை வைத்து முதலாம் காம்ப்ளெக்ஸ் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இவையெல்லாம் வெறும் ஆய்வக விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். வயலில் அடிக்கும் பூஞ்சைக்கொல்லியான அசாக்ஸிஸ்ட்ரோபின் மூன்றாம் காம்ப்ளெக்ஸைத்தான் தடுக்கிறது. 1977ல் பைன் கூம்புகளில் வளரும் ஒரு சிறு காளானிலிருந்து டிம் ஆங்கே குழுவினர் பிரித்தெடுத்த ஸ்ட்ரோபிலூரின்தான் அதற்கு மூலம். ஸ்போர் முளைக்கும் கட்டத்தில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) தேவை எகிறுவதால் அந்த மருந்து அங்கேதான் பலமாக அடிக்கிறது. ஆனால் பெட்ரித் தட்டில் சோதித்தால் மருந்து வேலை செய்யாதது போலத் தோன்றும். மாற்று ஆக்சிடேஸ் வழியாகப் பூஞ்சை தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் எதிர்ப்புத்திறன் சோதிப்பவர்கள் அகாரில் ஷாம் சேர்க்கிறார்கள். ஷாம் சேர்க்காத தட்டைப் பார்த்து ‘எதிர்ப்பு வந்துவிட்டது’ என்று சொன்னால் நம்பாதீர்கள். ஷாம் இருந்தும் முளைத்தால் சைட்டோகுரோம் பி மரபணுவில் 143ஆம் இடத்தைப் பாருங்கள். அங்கே கிளைசின் அலனினாக மாறியிருந்தால் அது உண்மையான எதிர்ப்பு.

அறிகுறி: மூச்சு நன்றாக இருக்கிறது, முளைக்கத்தான் மாட்டேன் என்கிறது

மூச்சும் முளையும் ஒன்றல்ல. சைக்ளோஹெக்சிமைடு போட்டுப் புரத உற்பத்தியை நிறுத்தினாலும் ஸ்போர் சர்க்கரையை எரிக்கும், முளை மட்டும் வராது.

கூட்டம்தான் முதல் சந்தேகம். எலக்ட்ரோடுக்காக 10⁸ போட்டீர்கள். அதே அடர்த்தியில் முளைக்கவும் விட்டால் பல பூஞ்சைகள் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். கொலிடோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்டிஸ் ஸ்போர்கள் கிளியோஸ்போரோன் என்ற பொருளை வெளியிடுகின்றன. கோதுமைத் தண்டுத் துரு நோயின் யுரிடோஸ்போர்களில் மெத்தில் சிஸ்-ஃபெருலேட். நூறு மடங்கு நீர்த்து ஒரு ஸ்லைடில் வையுங்கள். முளைத்தால் விடை கிடைத்துவிட்டது. துரு ஸ்போரை மிதக்கவிட்டுக் கழுவினாலே தடுப்பான் கரைந்து போய்விடும்.

கார்பன் டை ஆக்சைடையும் பாருங்கள். வார்பர்க் ஃபிளாஸ்க்கின் நடுக்கிணற்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வைத்து அதை முழுக்க உறிஞ்சிவிடுகிறோம். நைஜர் கொனிடியா முளைக்கக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும்; பைருவேட்டில் அதைச் சேர்த்துத்தான் சிட்ரிக் சுழற்சிக்கு ஆள் சேர்க்கிறது. மூச்சை அளக்கும் ஃபிளாஸ்க்கிலேயே முளைப்பையும் பார்க்க நினைத்தால் முளைப்பு பிந்தும். இரண்டுக்கும் தனித்தனி ஃபிளாஸ்க் வையுங்கள். நைட்ரஜன் மூலம் இல்லாத வெறும் பஃபரில் முளைக்கவில்லை என்று புகார் சொல்வதும் நடக்கிறது; அதை விட்டுவிடுவோம்.

பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகளான பவேரியா, மெட்டாரைசியம் தூள் வைத்து வேலை செய்பவர்களுக்கு வேறொரு காரணம். நன்றாக உலர்ந்த கொனிடியாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே குளிர்ந்த தண்ணீரில் போட்டால், சவ்வு இளகும் முன்பே தண்ணீர் பாய்ந்து உள்ளே இருப்பது வெளியே கசிந்துவிடும். எண்ணிக்கை அப்படியே இருக்கும், உயிர் இருக்காது. ஈரக்காற்று நிறைந்த மூடிய டப்பாவில் தூளை ஓரிரவு வைத்து ஈரம் ஏற்றுங்கள். இல்லையென்றால் வெதுவெதுப்பான, 33 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் கரையுங்கள். வயலுக்குத் தெளிப்பவர்களுக்கும் இதே விதிதான்: கிணற்றிலிருந்து எடுத்த குளிர்ந்த தண்ணீரில் உலர்தூளைக் கொட்ட வேண்டாம்.

அறிகுறி: ஏடிபி அளவு நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

பாக்டீரியா எண்டோஸ்போரில் ஏடிபி ஏறத்தாழ இல்லை என்று படித்துவிட்டு, பூஞ்சை ஸ்போரிலும் அப்படித்தான் என்று இந்த எண்ணை ஏற்றுக்கொள்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். ஸ்போர் உடையவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். உடைத்தாலும் சிக்கல் உண்டு: குளிர்ந்த பஃபரில் கண்ணாடி மணிகள் போட்டு உடைத்தால் ஸ்போர் உடையும் அதே நிமிடத்தில் ஏடிபேஸ்கள் எல்லாவற்றையும் தின்றுவிடும். கொதிக்கும் டிரிஸ்–ஈடிடிஏவில் ஸ்போரை நேரே செலுத்துங்கள், அல்லது அமிலத்தில் பிரித்தெடுங்கள். அமிலத்தில் எடுத்தால் நடுநிலையாக்கி நீர்க்க வேண்டும். டிரைகுளோரோஅசிட்டிக் அமிலமும் உப்பும் ஏடிபியை அளக்க உதவும் லூசிஃபரேஸ் நொதியின் ஒளியை மங்கச் செய்யும்.

சரிபார்க்க ஒரு வழி: ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு ஏடிபியைச் சேர்த்து மறுபடி அளங்கள். சேர்த்தது முழுதும் தெரியாவிட்டால் மாதிரியில்தான் தடை. ஏடிபியை, அதாவது அடினோசின் டிரைபாஸ்பேட்டை, மட்டும் வைத்து ஸ்போரின் நிலையைத் தீர்மானிக்காமல் அடினோசினின் மோனோபாஸ்பேட், டைபாஸ்பேட், டிரைபாஸ்பேட் என்ற மூன்று நியூக்ளியோடைடுகளையும் அளந்து, அட்கின்சன் 1968ல் சொன்ன ஆற்றல் மின்சுமையைக் கணக்கிடுங்கள்: டிரைபாஸ்பேட்டோடு டைபாஸ்பேட்டில் பாதியைக் கூட்டி, மோனோ, டை, டிரை மூன்றின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். வளரும் செல்லில் இது 0.8க்கு மேல் இருக்கும். மொத்தம் குறைவாக இருந்தும் விகிதம் உயரமாக இருந்தால் ஸ்போர் பட்டினியில் இல்லை, சிக்கனமாக இருக்கிறது. விகிதமும் விழுந்திருந்தால் பிரித்தெடுப்பதற்கு முன்பே ஏடிபி சிதைந்ததா என்று பாருங்கள்.

அறிகுறி: சுவாச ஈவு 1க்கு வரவே இல்லை

வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால் வகுத்தால் வருவது சுவாச ஈவு. அது ஏன் 1க்கு வர வேண்டும்? எதை எரிக்கிறது என்பதைப் பொறுத்தது அது. டிரெஹலோஸ் என்ற சர்க்கரை என்றால் 1. கொழுப்பு என்றால் 0.7. மானிட்டால் என்றால் 6ஐ 6.5ஆல் வகுத்து 0.92. நைஜர் கொனிடியாவின் உலர் எடையில் 10 முதல் 15 சதவீதம் மானிட்டால்தான், ஆகவே 0.92ஐ ஒட்டி வந்தால் கருவியைத் திட்டாதீர்கள். லிங்கப்பாவும் சஸ்மனும் 1959ல் காட்டியதும் இதுதான்: உறங்கும் நியூரோஸ்போரா ஆஸ்கோஸ்போர் கொழுப்பை எரித்துக் காலம் தள்ளுகிறது, எழுந்ததும் டிரெஹலோஸுக்கு மாறுகிறது. ஈவு ஏறுவது ஸ்போர் எழுந்ததற்கான அடையாளம்.

0.7க்கும் கீழே போனால் பஃபரின் பிஎச் பாருங்கள். பிஎச் 7ல் வெளியான கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கு பைகார்பனேட்டாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். பிஎச் 5க்கு மாறுங்கள், நைஜர் அதை விரும்பவே செய்யும். இல்லாவிட்டால் கடைசியில் அமிலம் கவிழ்த்து மொத்தத்தையும் வெளியேற்றி அளங்கள். 1ஐத் தாண்டினால் ஃபிளாஸ்க்கில் காற்று போதாமல் நொதித்தல் தொடங்கியிருக்கலாம். ஸ்போர் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஈவு இறங்கினால் அதுதான்.

அறிகுறி: ரெசசூரின் நீலமாகவே இருக்கிறது, அல்லது நிறமே போய்விட்டது

எலக்ட்ரோடு இல்லாத ஆய்வகங்களில் இந்தச் சாயம்தான் கதி. நீலம் இளஞ்சிவப்பாவது ஸ்போர் உயிரோடு எலக்ட்ரானைத் தள்ளுகிறது என்பதற்கு அடையாளம். உறங்கும் ஸ்போரில் இது மணிக்கணக்காகும். குளுக்கோஸும் நைட்ரஜனும் கொடுத்து முளைக்கத் தொடங்கும்வரை பொறுங்கள். ஒரேயடியாக நிறமற்றுப்போனால் சாயம் இரண்டாம் படிக்கும் குறைக்கப்பட்டுவிட்டது. அதைப் ‘பலன் இல்லை’ என்று படிக்கும் தட்டு ரீடர் தவறான எண் தரும். ஸ்போரைக் குறையுங்கள், அல்லது சீக்கிரம் படியுங்கள். ஊடகத்தில் டிதயோத்ரைட்டால் போன்ற குறைப்பான் இருந்தால் ஸ்போரே இல்லாமல் சிவக்கும், ஆகவே கொன்ற ஸ்போர் கன்ட்ரோல் இங்கும் கட்டாயம். நைஜரின் கறுப்பு நிறமி ஒளியை விழுங்குவதால் படிப்பதற்கு முன் ஸ்போரைச் சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள்.